ஒரு நாள் முன்னாடியே தெரிஞ்சும் ஏன் தடுக்க முடியல? ராடாரும் 1942 ஏப்ரலும்

இன்னைக்கு எபிசோட்ல ராடார் பத்திப் பேசலாம்.

என் ஊர் மார்க்கையன்கோட்டை. கம்பம் பள்ளத்தாக்கு, ரெண்டு பக்கமும் மலை. மலைக்கு அந்தப் பக்கம் தாழப் பறக்குற விமானம் நம்ம கண்ணுக்கும் தெரியாது, ராடாருக்கும் தெரியாது. ராடார் அனுப்புற ரேடியோ அலை விமானத்துல பட்டுத் திரும்பி வரணும். நடுவுல மலை நின்னா அவ்வளவுதான். 150 கிலோமீட்டர் தள்ளி இருக்குற விமானத்துல பட்டு அலை திரும்பி வர, ஒரு விநாடியில ஆயிரத்துல ஒரு பங்கு நேரம் போதும். இது நடக்கும்னு ராபர்ட் வாட்சன்-வாட் 1935 பிப்ரவரியில இங்கிலாந்துல செஞ்சு காட்டினார்.

ஏழு வருஷத்துல அந்தக் கருவி நமக்குப் பக்கத்துலயே சோதனைக்கு வந்துச்சு. 1942 பிப்ரவரியில சிங்கப்பூர் விழுந்த பிறகு, ஜப்பானோட அடுத்த குறி இலங்கை. ஏப்ரல் 4 அன்னிக்கு, காலி பக்கத்துல இருக்குற கொக்கலையிலிருந்து கிளம்பின கேட்டலினா விமானம் ஜப்பான் கப்பற்படையைப் பாத்துடுச்சு. அதை ஓட்டினவர் கனடாக்காரர் லெனார்ட் பிர்ச்சல். செய்தி அனுப்பிக்கிட்டு இருக்கும்போதே சுட்டு வீழ்த்தினாங்க. அவர் பிழைச்சார், ஆனா போர்க்கைதி ஆனார்.

ஆக, எதிரி வர்றான்னு கொழும்புக்கு ஒரு நாள் முன்னாடியே தெரியும். பல கப்பல்களைத் துறைமுகத்துலேர்ந்து வெளியேத்திட்டாங்க. ஆனா எத்தனை மணிக்கு, எந்தத் திசையிலேர்ந்து? அந்த எச்சரிக்கை நேரத்துக்கு வந்து சேரல. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலையில தாக்குதல் தொடங்கினப்போ இரத்மலானையில ஹரிக்கேன் விமானங்கள் இன்னும் தரையில இருந்துச்சு. குண்டுக்கு நடுவுலதான் மேல ஏறினாங்க.

ஏப்ரல் 9, திருகோணமலை. இங்க ராடார் முன்கூட்டியே பிடிச்சுது. சீனன்குடாத் தளத்து ஹரிக்கேன்கள் தாக்குதலுக்கு முன்னாடியே வானத்துல இருந்துச்சு. அப்படியும் துறைமுகமும் தளமும் பலமா அடிவாங்கிச்சு. எச்சரிக்கை கிடைச்சு முந்தின ராத்திரியே வெளியே போன ஹெர்மிஸ் கப்பலும் தப்பல. அது விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனா அன்னிக்கு அதுல விமானமே இல்ல. மட்டக்களப்புக்குப் பக்கத்துல மூழ்கி 307 பேர் இறந்தாங்க.

பிர்ச்சலோட கண் ஒரு நாள் அவகாசம் குடுத்துச்சு. ராடார் சில நிமிஷம் குடுத்துச்சு. அந்த நேரத்தைப் பயன்படுத்த விமானமும் வேணும், ஓடுதளமும் வேணும். மூணுல எது குறைஞ்சாலும் விலை மனுஷ உயிர்தான்.

இந்தப் பாடம் நம்ம பக்கமும் வந்துச்சு. ஏப்ரல் 6 அன்னிக்கு விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் குண்டு விழுந்துச்சு. அந்த மாசமே சென்னையைக் காலி பண்ணச் சொன்னாங்க. தேனிக்காரங்க நாம ஃப்ளைட் பிடிக்கப் போற மதுரை விமான நிலையமும் 1942-ல பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்தத் தொடங்கின தளம்தான். கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்பேட்டையில இருக்குற ஓடுதளங்களும் அந்தப் போர்க்காலத்து மிச்சம்தான். அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா, ஒரு நிமிஷம் நின்னு பாருங்க.