அயர்லாந்து: ஒரு பஞ்சமும் 150 வருடம் கழித்து வந்த வருத்தமும்

ஆண்டு விழா என்றாலே வெற்றிக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அயர்லாந்தில் 1916 ஈஸ்டர் எழுச்சியின் நூற்றாண்டை 2016ல் பெரிய அளவில் அனுசரித்தார்கள். ஆனால் அதே நாட்டில் பட்டினிக்கும் ஒரு நாள் இருக்கிறது. 2008லிருந்து வருடா வருடம் பஞ்சத்தில் செத்தவர்களுக்காக தேசிய நினைவு நாள்.

கதை 1845ல் ஆரம்பிக்கிறது. உருளைக்கிழங்குச் செடியில் ஒரு நோய் வந்து பயிர் அழுகிப்போனது. சுமார் 30 லட்சம் ஏழைகளுக்கு அதுதான் மூன்று வேளைச் சாப்பாடும். அப்போது அயர்லாந்து பிரிட்டனோடு சேர்ந்திருந்தது. முதல் வருடம் பிரதமர் பீல் அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் வாங்கி வந்து சமாளித்தார். 1846ல் ஆட்சி மாறியது. பயிர் மறுபடியும் போனது. புதிய அரசு "சந்தையில் தலையிடக் கூடாது" என்று நின்றது.

பி.காம். வகுப்பில் தேவை, அளிப்பு என்று படிக்கிறோமே, அதில் "தேவை" என்றால் பசி இல்லை நண்பர்களே, கையில் காசோடு வருகிற பசி. காசில்லாதவன் பசி சந்தைக்குத் தெரியாது. அதனால்தான் ஜனங்கள் சாகும்போதே ஓட்ஸும் வெண்ணெயும் மாடுகளும் கப்பலேறி இங்கிலாந்து போய்க்கொண்டிருந்தன. 1847ல் வெளியிலிருந்து நிறைய தானியம் வந்தது, ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்தக் கோடையில் அரசே கஞ்சித் தொட்டி திறந்தபோது ஒரு நாளைக்கு 30 லட்சம் பேர் வரை சாப்பிட்டார்கள். அதாவது முடியாத காரியம் இல்லை! சில மாதத்தில் அதையும் மூடிவிட்டார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தால் நிவாரணம் கிடையாது என்று சட்டம் வேறு.

கணக்கைப் பாருங்கள். பஞ்ச நிவாரணத்துக்கு பிரிட்டிஷ் அரசு செலவழித்தது சுமார் 80 லட்சம் பவுண்டு, அதிலும் ஒரு பகுதி கடன். 1833ல் அடிமைகளை விடுதலை செய்தபோது அவர்களின் முதலாளிகளுக்கு நஷ்ட ஈடாக ஒதுக்கியது 2 கோடி பவுண்டு.

அந்த நிவாரணக் கணக்கை லண்டன் கருவூலத்தில் இறுக்கிப் பிடித்த அதிகாரி சார்லஸ் டிரெவெலியன். இவர்தான் 1859ல் நம் மதராஸ் கவர்னராக வந்தவர். சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க் இவர் யோசனைதான். பூங்கா போட்ட நல்ல கவர்னர் என்று மட்டும் நமக்குச் சொன்னார்கள்...

சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதே அளவு, இன்னும் அதிகமாகவே, நாட்டை விட்டுப் போனார்கள்.

150ஆம் ஆண்டு அனுசரிப்பில், 1997ல், பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரின் செய்தி ஒன்று வாசிக்கப்பட்டது. அன்று லண்டனில் ஆண்டவர்கள் தங்கள் மக்களைக் கைவிட்டார்கள் என்று அது ஒப்புக்கொண்டது. உலகமே பாராட்டியது. 2021ல் வெளியான அரசு ஆவணங்களில்தான் உண்மை தெரிந்தது: பிளேரைத் தொடர்புகொள்ள முடியாததால் உதவியாளர்களே எழுதி அனுப்பிவிட்டார்களாம்!

முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம். இப்போது யோசித்தால், எழுதியது யாராக இருந்தாலும் எழுதியது உண்மை. அதைச் சொல்ல 150 வருடம் ஆனதுதான் வலிக்கிறது.

1841ல் அந்தத் தீவின் மக்கள்தொகை சுமார் 82 லட்சம். இன்று வடக்கும் தெற்கும் சேர்த்தாலும் 70 லட்சத்தைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. போன ஜனம் இன்னும் திரும்பவில்லை. நினைவு நாள் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கு போதும்.