சனிக்கிழமை தடுப்பூசியும் காலனிக் கோழிகளும்

நிலமில்லாதவர்களும் வைத்துக்கொள்ள முடிந்த சொத்து கோழி. கொங்குப் பகுதியில் காடும் தோட்டமும் பண்ணையக்காரர் கையில் இருந்தன. கூலி தானியமாக வந்தது. அந்தக் காலத்தில் அருந்ததியர் காலனிகளில் எங்கள் பாட்டிமார் கையில் காசு புழங்கியது என்றால், அது பெரும்பாலும் முட்டையும் சேவலும் விற்ற காசுதான்.

அந்தச் சொத்தைக் காப்பாற்றும் அறிவும் அவர்களிடம் இருந்தது. பருந்து கீறிய காயத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்தார்கள். அம்மை கண்ட குஞ்சைத் தனியாகக் கொடாப்பில் கவிழ்த்தார்கள். சீக்குக் கோழி குடித்த சட்டியில் மற்றவற்றுக்குத் தண்ணீர் வைக்கமாட்டார்கள். தனிமைப்படுத்தல் என்ற சொல்லை நாம் கொரோனாவில் கற்றோம். அவர்கள் அதைக் கோழிக் கூட்டில் செய்துவந்தார்கள்.

ஆனால் வெள்ளைக்கழிச்சலிடம் இந்த அறிவு தோற்றது. கழுத்து திருகி, இறக்கை தொங்கி, சில நாட்களில் காலனியே கோழியில்லாமல் போகும். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் பதிவான நோய் இது. 1920களின் கடைசியில் இமயமலை ஊரான ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால், இந்தியாவில் அதற்கு ராணிக்கேத் நோய் என்று பெயர். 1940களில் முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்தில் இதற்குத் தடுப்பூசி உருவானது. நம் ராணிப்பேட்டையில் 1932 முதலே கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. நோய் வந்தபின் குணமாக்க மருந்தில்லை. தடுப்பூசி ஒன்றே வழி.

அப்படியானால் கேள்வி இதுதான்: அந்த ஊசி யாருக்குக் கிடைத்தது?

1990களில் பல்லடம், உடுமலை வட்டாரத்தில் ஒப்பந்தக் கறிக்கோழிப் பண்ணைகள் பெருகின. அங்கே மருத்துவரும் மருந்தும் பண்ணை தேடி வருகின்றன. ஒரு மருந்துக் குப்பி நூறு கோழிக்கு மேல் வரும். கலக்கினால் சில மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். ஐந்து கோழி வைத்திருக்கும் அக்காவுக்காக யார் குப்பியை உடைப்பார்?

அரசு கால்நடை மருந்தகங்களில் சனிக்கிழமைதோறும் கோழிக்கு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். காலையில் பனியன் கம்பெனி வேனில் ஏறும் பெண்கள், மருந்தகம் பூட்டிய பிறகுதான் இறங்குகிறார்கள். திட்டத்தில் சாதி எழுதப்படவில்லை. அதன் கிழமையும் இடமும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

தோழர்களே, இதற்குப் பெரிய போராட்டம் தேவையில்லை. உங்கள் காலனியில் வீடு வீடாகப் போய்க் கோழிகளை எண்ணுங்கள். இருபது வீடு சேர்ந்தால் நூறு கோழி, ஒரு குப்பிக்குப் போதும். அந்தக் கணக்கோடு கிராம சபையில் எழுந்து, ஞாயிற்றுக்கிழமை காலனிக்குள்ளேயே முகாம் வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். பாட்டியின் கோழிக்கணக்கும் நம் உரிமைக் கணக்கில் சேரட்டும்.