ஹாம்பர்க் காலரா (1892): மணல் வடிகட்டி உணர்த்திய பாடம்

1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெர்மனியின் பெரிய துறைமுக நகரான ஹாம்பர்க்கில் காலரா பரவத் தொடங்கியது. சில வாரங்களுக்குள் சுமார் 17,000 பேர் நோயுற்றனர். அவர்களுள் ஏறத்தாழ 8,600 பேர் மாண்டனர். ஹாம்பர்க்கை ஒட்டியே இருந்த ஆல்டோனா நகரில் இறந்தவர்கள் 300 பேருக்குச் சற்று மேல். ஆல்டோனா சிறிய ஊர் என்பது உண்மைதான். ஆனால் மக்கள்தொகையைக் கணக்கில் கொண்டாலும், ஆயிரம் பேருக்கு ஹாம்பர்க்கில் 13 பேரும் ஆல்டோனாவில் 2 பேரும் என்ற அளவிலேயே இறப்பு இருந்தது. இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குக் காரணம் குடிநீர் என்பது விரைவிலேயே தெளிவாயிற்று.

இரு நகரங்கள், ஓர் ஆறு

இரு நகரங்களும் எல்பே ஆற்றின் நீரையே குடித்தன. ஹாம்பர்க் நகருக்கு மேற்புறத்தில், அதாவது ஆறு ஊருக்குள் நுழையும் முன்பே, நீரை எடுத்துக்கொண்டது. ஆல்டோனாவோ ஆறு ஹாம்பர்க்கைக் கடந்து, அந்நகரின் சாக்கடை நீர் முழுவதும் கலந்த பின்னரே நீர் எடுத்தது. அப்படிப் பார்த்தால் ஆல்டோனாவில்தான் நோய் மிகுந்திருக்க வேண்டும்.

ஆனால் ஹாம்பர்க்கின் நீர் படிவுக் குளங்களில் சிறிது நேரம் தேங்கியபின் அப்படியே குழாய்களுக்குச் சென்றது. நகரம் வளர வளர, நீர் தேங்கி நிற்கும் நேரமும் குறைந்துகொண்டே போயிற்று. கடல் ஏற்றத்தின்போது துறைமுகத்துக் கழிவு நீர் எடுக்கும் இடம் வரை திரும்பி வரவும் செய்தது. குழாய்களுக்குள் புழுக்களும் நத்தைகளும் வாழ்ந்தன. அவற்றை ஆராய்ந்து விலங்கியலாளர் ஒருவர் நூலே வெளியிட்டார்.

ஆல்டோனாவின் நீர் நிலையம் 1859இல் அமைக்கப்பட்டது. அழுக்கான நீரை எடுக்க வேண்டியிருந்ததால் அங்கு மணல் வடிகட்டிகள் கட்டப்பட்டன. நோய்க்கிருமி என்ற ஒன்று உண்டு என்பது நிறுவப்படாத காலம் அது. நீர் தெளிவாக இருக்க வேண்டும் என்பதே அன்றைய நோக்கம்.

மணல் செய்யும் வேலை

இவ்வகை வடிகட்டியில் அகன்ற தொட்டியின் அடியில் சரளைக் கல்லும் அதன் மேல் மணலும் பரப்பப்படும். நீர் மணலின் மேல் நின்று மிக மெதுவாகக் கீழே இறங்கும். சில நாட்களில் மணலின் மேற்பரப்பில் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து வழவழப்பான மெல்லிய ஏடு போன்ற படலத்தை உருவாக்கும். நோய்க்கிருமிகளில் பெரும்பகுதியைத் தடுத்து அழிப்பது இப்படலமும் அதற்குக் கீழே மணலில் வாழும் நுண்ணுயிர்களுமே. படலம் தடித்து நீர் இறங்காமற் போகும்போது, தொட்டியை வடித்து மேல் மணலைச் சுரண்டி எடுப்பர். புதிய படலம் உருவாகச் சில நாட்கள் ஆகும். அதுவரை அவ்வடிகட்டியை நம்ப இயலாது.

தள்ளிப்போடப்பட்ட திட்டம்

வடிகட்டி அமைக்கும் யோசனை ஹாம்பர்க்கில் பல ஆண்டுகளாகவே பேசப்பட்டு வந்தது. வீட்டு உரிமையாளர்கள் செல்வாக்குப் பெற்றிருந்த நகர மன்றத்தில் செலவை யார் ஏற்பது என்ற வாதம் நீண்டது. காலரா மண்ணிலிருந்தும் கெட்ட காற்றிலிருந்தும் எழுவது என்ற மூனிக் பேராசிரியர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபரின் கருத்தும் அங்கு வலுவாக இருந்தது. காலராக் கிருமியை 1884இல் கல்கத்தாவில் உறுதிசெய்திருந்த ராபர்ட் கோக்கின் கருத்து அதற்கு நேர் எதிரானது. ஒருவழியாக வடிகட்டிக்கு ஒப்புதல் கிடைத்துக் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோதே நோய் முந்திக்கொண்டது.

முதல் நோயாளிகள் இறந்த பின்னும் பல நாட்கள் நகர அதிகாரிகள் காலரா என்று அறிவிக்கத் தயங்கினர். அறிவித்தால் துறைமுக வணிகம் முடங்கும் என்ற அச்சமும் இருந்தது. அந்நாட்களில் குழாய் நீர் வீடுதோறும் நோயைக் கொண்டு சேர்த்தது. பேரரசின் சார்பில் கோக் வந்து சேர்ந்த பிறகே நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும் அறிவுரையும், வண்டிகளில் நல்ல நீர் வழங்கும் ஏற்பாடும் முழு வேகம் பெற்றன.

எல்லைத் தெரு

இரு நகரங்களுக்கும் நடுவே சில இடங்களில் ஒரு தெருவே எல்லை. மண்ணும் காற்றும் சாக்கடையும் மக்களின் வாழ்க்கை நிலையும் இருபுறமும் ஒன்றே. ஆயினும் ஹாம்பர்க் பக்கத்தில் நோய் பரவிற்று. ஆல்டோனா பக்கம் பெரும்பாலும் தப்பியது. ஹாம்பர்க் எல்லைக்குள்ளேயே இருந்து ஆல்டோனாவின் குழாய் நீரைப் பெற்ற ஒரு குடியிருப்பும் தப்பியதைக் கோக் சுட்டிக் காட்டினார். யாரும் திட்டமிடாமலே நடந்துவிட்ட சோதனை போல அது அமைந்தது. பெட்டன்கோஃபர் இதை ஏற்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் காலராக் கிருமி கலந்த திரவத்தைத் தாமே குடித்துக் காட்டினார். லேசான வயிற்றுப்போக்குடன் பிழைத்தார். எனினும் எல்லைத் தெரு தந்த சான்றை அது அசைக்கவில்லை.

1893ஆம் ஆண்டுக் குளிர்காலம்

ஹாம்பர்க்கின் வடிகட்டிகள் 1893 மே மாதம் இயங்கத் தொடங்கின. ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்பு, கடுங்குளிரில், ஆல்டோனாவிலேயே காலரா தலைகாட்டியது. துப்புரவுக்காக நீர் வடிக்கப்பட்ட ஒரு வடிகட்டியில் மணல் உறைந்துபோய், கிருமிகள் தடையின்றி இறங்கியிருந்தன. காத்த கருவியே கவனக் குறைவால் கைவிட்டது.

இதன் பின்னர் கோக் சில விதிகளை வகுத்தார். நீர் மணலில் மணிக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. ஒவ்வொரு வடிகட்டியின் நீரையும் தனித்தனியே நாள்தோறும் சோதிக்க வேண்டும். ஒரு கன சென்டிமீட்டர் நீரில் நுண்ணுயிர் எண்ணிக்கை 100ஐத் தாண்டினால் அந்நீரை ஊருக்கு அனுப்பக் கூடாது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதே நல்ல நீர் என்ற பழைய அளவுகோல் மாறி, எண்ணிப் பார்த்து உறுதிசெய்யும் முறை வந்தது.

முடிவாக

1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரில் குடிநீருக்குத் தொடர்ந்து குளோரின் சேர்க்கும் முறை வந்தது. பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. கருவிகள் மாறினாலும் எல்பே கரையில் கற்ற பாடம் மாறவில்லை. ஊற்று எவ்வளவு தூய்மையானது என்பதைவிட, நீர் வீட்டை அடையும் முன் என்ன செய்யப்படுகிறது என்பதும், அதை நாள்தோறும் யார் சோதிக்கிறார்கள் என்பதுமே உயிர்களைக் காக்கின்றன. செலவைக் கணக்கிட்டுத் தள்ளிப்போட்ட நகரம் வடிகட்டியையும் கட்டியது. 8,600 உயிர்களையும் இழந்தது.