கிராஃப் தாளில் இல்லாத பெயர்

ஆரணி என்றால் வரலாற்றுப் புத்தகம் 1751-இல் ராபர்ட் கிளைவ் வென்ற போரைச் சொல்லும். ஊர்க்காரர்கள் அரிசியையும் பட்டையும் சொல்வார்கள். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊர், ஒரு காலத்தில் மெல்லிய மஸ்லின் துணிக்குப் பேர்போனது. மஸ்லின் மறைந்தது; பட்டுத் தறி நிலைத்தது. எடை குறைந்த ஆரணிச் சேலை புவிசார் குறியீடும் பெற்றது.

நெய்தவர்களைப் பற்றிப் பேசியிருக்கிறோம். வரைந்தவர்களைப் பற்றி?

முன்பு தமிழகத்துப் பட்டுத் தறிகளில் டிசைன் தாளில் இல்லை, 'அடை' என்ற நூல் கட்டில் இருந்தது. நெசவாளி பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து உரிய நூலை இழுத்துக் கொடுப்பான். பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய, துளையிட்ட அட்டைகளால் இயங்கும் பெட்டி நம் தறிகளின் மேல் ஏறியபோது அந்தப் பையனின் வேலை போயிற்று. டிசைன் வரைவது தனித் தொழிலாயிற்று.

அந்தத் தொழில் கணக்கும் சித்திரமும் கலந்தது. 240 கொக்கிப் பெட்டி என்றால், கிராஃப் தாளின் 240 கட்டங்களுக்குள் மயில் அடங்க வேண்டும். வண்ணம் பூசிய கட்டத்துக்கு நேராக அட்டையில் துளை விழும். அங்கே கொக்கி எழும், பாவு இழை உயரும், ஊடை அதன் அடியில் ஓடும். ஊடை ஒன்றுக்கு ஓர் அட்டை. மயில் 400 ஊடை உயரம் என்றால் 400 அட்டைகளை வரிசை மாறாமல் கோக்க வேண்டும். கட்டத்தில் வளைவு கிடையாது. மயிலின் கழுத்தையும் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது வளைவாகத் தெரிய வைப்பதுதான் கைத்திறன். ஒரு கட்டம் பிசகினால் சேலை நெடுக எல்லா மயில்களிலும் அதே பிழை நிற்கும்.

சுதந்திரத்துக்குப் பின், கைத்தறிக்காக உழைத்த புபுல் ஜெயகரின் முயற்சியால் நெசவாளர் சேவை மையங்கள் வந்தன. ஓவியர்கள் தறியை நோக்கி அழைக்கப்பட்டார்கள். துறையூர் அருகே கீராம்பூரில் 1938-இல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த கே.எம். ஆதிமூலம் அப்படிப் பணியாற்றியவர். 1969 காந்தி நூற்றாண்டுக்கு அவர் தீட்டிய கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள், பத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் எழுதிய தலைப்பெழுத்துகள், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு வரைந்த படங்கள் எல்லாம் தமிழ் வாசகருக்குப் பழக்கமானவை. துணி, எழுத்து, ஓவியம் மூன்றிலும் இயங்கிய அவர் 2008-இல் மறைந்தார். ஆனால் அவரை நாம் அறிந்தது அச்சுத்தாள் வழியாகத்தான், துணி வழியாக அல்ல.

ஆரணியின் டிசைனர்களுக்கு அந்த அச்சுத்தாளும் கிடைக்கவில்லை. இன்று டிசைன் கணினிக்குப் போய்விட்டது. எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கு அட்டையே வேண்டாம். பழைய கிராஃப் தாள்கள் மங்குகின்றன, அட்டைக் கட்டுகள் பரணில் கிடந்து மட்குகின்றன.

நெய்தவரின் பெயரும் படமும் உள்ள சீட்டைச் சில சேலைகளோடு இணைத்து கோ-ஆப்டெக்ஸ் நல்ல வழி காட்டியிருக்கிறது. ஆரணிக் கூட்டுறவுச் சங்கங்கள் அந்தச் சீட்டில் டிசைன் வரைந்தவரின் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். மிஞ்சியிருக்கும் கிராஃப் தாள்களை இப்போதே சேகரித்துக் காக்க வேண்டும்.