மீட் ஐயர் உட்கார்ந்த நாற்காலி

நாகர்கோவில் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த ஊர் நீதிபதிகளில் யாரைப் பற்றி அதிகம் யோசித்தீர் என்று கேட்டால், மீட் ஐயர் என்பேன். இங்கே பலரும் அவரைப் பாதிரியாராக மட்டும் நினைக்கிறார்கள்.

லண்டன் மிஷன் பாதிரியாரான சார்லஸ் மீட் (பாதிரியாரை அன்று ஐயர் என்பார்கள்) 1818-ல் வந்து இறங்கியது, எங்கள் அஞ்சுகிராமத்திலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இருக்கும் மயிலாடியில். முந்தைய மிஷனரி ரிங்கல்தௌபே விட்டுப்போன சபை அது. அப்போது திருவிதாங்கூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியான ரெசிடெண்ட், கர்னல் மன்றோ. 1811-ல் திவான் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தவர். அதுவரை வரி தண்டுகிற காரியக்காரனே வழக்கையும் விசாரிப்பான். நிலத்தைப் பிடுங்கியவனிடமே போய் நிலம் போச்சு என்று அழ வேண்டும். மன்றோ அந்த அதிகாரத்தைப் பிரித்து ஜில்லா கோர்ட்டுகள் வைத்தார். நம் பக்கத்துக்குப் பத்மநாபபுரம்.

இப்படிப் பிரித்த மனுஷனே, ராணி கௌரி பார்வதி பாயிடம் சொல்லி மீட் ஐயரை நாகர்கோவில் நீதிபதி ஆக்கினார். ஞாயிறு பிரசங்கம், திங்கள் தீர்ப்பு! எந்தக் காலத்துச் சட்டத்துக்கும் இது அடுக்காது. அந்நாளில் மூவாயிரம் பேர்போல சபையில் சேர்ந்ததில், நீதிபதி நம்ம ஐயர்தானே என்ற கணக்கும் இருந்திருக்கும். இருந்தால் என்ன? கூலியில்லாமல் ஊழியம் செய்த பனையேறிக்கு, தீட்டு பார்க்கிற கச்சேரியில் படியேறவே வழியில்லை. பேச்சைக் காது கொடுத்துக் கேட்க ஓர் அதிகாரி கிடைத்ததும் அவன் அந்தப் பக்கம் சாய்ந்தான். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாதிரியார் நீதிபதியாக இருப்பது லண்டன் மிஷன் மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. ஏறத்தாழ ஒரு வருஷத்தில் ஐயர் பதவியை விட்டார். பிறகு கல்குளம் பக்கம், தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்கள் மாரை மறைக்கக் கூடாது என்ற வழக்கத்தை மீறிக் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டதற்காக அடி விழுந்தபோது, முறையிடுகிறவராக நின்றார். 1823-ல் பத்மநாபபுரம் கோர்ட் பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1829 பிரகடனம் குப்பாயத்தை அனுமதித்து, மேல்சாதிப் பெண்கள் போடுகிற தோள்சீலையைத் தடுத்தது. சண்டை 1859 வரை நீண்டது.

ஐயரோ முதுமையில் பறையர் குலத்திலிருந்து கிறிஸ்தவரான ஒரு குடும்பத்துப் பெண்ணை மணந்தார். கூட இருந்த மிஷனரிகள் முகம் சுளித்தார்கள். மிஷனோடு உறவு அறுந்தது. திருவிதாங்கூர் சர்க்கார் அவரைப் பள்ளிக்கூடங்களின் மேற்பார்வையாளராக எடுத்துக்கொண்டது. 1873-ல் இறந்தார்.