வெண்கலமும் ஈயச்செம்பும்: பொருநைக்கரை அடுக்களையிலிருந்து ஒரு மறுப்பு

தமிழிலிருந்து வடசொற்களைக் களைந்துவிட்டால் எஞ்சும் சொற்களே பழந்தமிழர் வாழ்வைக் காட்டிவிடும் என்பது 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல் கொண்ட துணிபு. அப்படி அரித்துப் பார்த்தவர், அவர்கள் மட்கலம் வனைவதில் தேர்ந்தவர்கள், வழக்கமான உலோகங்களை அறிந்தவர்கள், ஈயம், வெள்ளீயம், துத்தநாகம் மூன்றை மட்டும் அறியாதவர்கள் என்று எழுதினார். சொல் இல்லையென்றால் பொருளும் இல்லை என்னும் இந்த வாதம் அடுக்களைப் பாத்திரங்களிடம் செல்லாது. 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்தவர் அவர். எழுதும்போது நிகண்டைப் பார்த்த அளவுக்கு அண்டை வீட்டு அடுப்படியைப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

வெண்கலம் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். வெண்மை, கலம் இரண்டும் தமிழ்ச் சொற்களே. செம்போடு வெள்ளீயம் சேராமல் வெண்கலம் பிறக்காது. ஆக, கால்டுவெல்லின் சல்லடையில் ஈயம் கீழே விழுந்துவிட, ஈயம் கலந்த உலோகம் மேலேயே நிற்கிறது. ஈயம் என்பது சீசத்தின் திரிபே என்பாரும் உண்டு. அதை ஒப்புக்கொண்டாலும் இந்த முரண் தீராது.

மண்ணும் இதையே சொல்கிறது. பொருநைக்கரை ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரே தோண்டியபோது தாழிகளோடு வெண்கல மூடிகளும் கிண்ணங்களும் துளையிட்ட வடிகட்டிகளும் வெளிப்பட்டன. சில கலங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளீயம் இருப்பதை உலோகத் தொல்லியலாளர் சாரதா சீனிவாசனின் ஆய்வுகள் காட்டுகின்றன. கால்டுவெல் 1891இல் மறைந்தார். ரே கண்டது அவருக்கு எட்டியிருக்க வழியில்லை. குறை அவருடைய முறையில்தான்.

இக்கலங்கள் வெளியிலிருந்து வந்தவையாக இருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம். வந்திருந்தால் என் வாதம் வலுக்கவே செய்யும். தாதுவைக் காணாமல், உருக்குவதைக் காணாமல், வார்த்து முடித்த பாத்திரத்தை மட்டும் கைநீட்டி வாங்கியவர்கள் அந்த உலோகத்துக்கு வேறு எப்படிப் பெயர் வைத்திருப்பார்கள்? வெள்ளையான கலம் என்றுதானே! இதற்கு நேர்ச்சான்று இல்லை. பெயரின் அமைப்பு ஒன்றே சான்று.

செம்பின் கதை தலைகீழ். உலோகத்தின் பெயர் பாத்திரத்தின் பெயராயிற்று. பித்தளைச் செம்பு, எவர்சில்வர் செம்பு என்று சொல்ல இன்று யாரும் தயங்குவதில்லை. ரசம் வைக்கும் பாத்திரத்தைப் பிற வட்டாரங்களில் ஈயச்சொம்பு என்பார்கள். நெல்லைப் பக்கத்து ஈயச்செம்பில் பழைய ஒலி அப்படியே நிற்கிறது. எழுத்துக்கு எழுத்து பொருள்கொண்டால் இரண்டு உலோகங்களின் பெயர். அடுப்பில் இருப்பதோ முழுக்க முழுக்க வெள்ளீயம். ஆயிரம் ஆண்டு கழித்து ஒருவர் இச்சொல்லை மட்டும் வைத்து உலோகப் பட்டியல் போட்டால் என்ன ஆகும்!

கலம் என்ற சொல்லை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு பாண்டியன் வரகுணனின் அம்பாசமுத்திரம் கல்வெட்டே காரணம். கல்வெட்டறிஞர் வேங்கையா பதிப்பித்தது. கோயில் இறைவரான திருப்போத்துடையார்க்கு அமுதுபடிக்காக இளங்கோய்க்குடிச் சபையார் கையில் 290 காசு வைக்கப்படுகிறது. காசொன்றுக்கு ஆண்டுக்கு இரு கலம் வீதம் 580 கலம் நெல் வட்டி. நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, காயம் எல்லாம் அளவோடு வருகின்றன. புளிங்கறியும் பொரிக்கறியும் புழுக்குக்கறியும் உண்டு. இங்கே கலம் என்பது சோறு பொங்கும் பாத்திரமாக இல்லை, நெல்லின் அளவாகிவிட்டது. வெண்கலத்திலோ அதே சொல் உலோகத்துக்குள் போய்க் கரைந்திருக்கிறது.

அந்தப் புளிங்கறி எதில் கொதித்தது? பூச்சில்லாத செம்பிலோ பித்தளையிலோ புளி பட்டால் களிம்பேறும். ஒன்று மண்பானையாக இருக்க வேண்டும், அல்லது ஈயம் பூசிய கலமாக. மண்பானை என்பதே என் சாய்வு. அம்பாசமுத்திரத்துக்கு அருகே காருகுறிச்சியில் இன்றும் குயவர் சக்கரம் சுற்றுகிறது என்றாலும் அதை ஒன்பதாம் நூற்றாண்டுக்குச் சான்றாக வைக்க மாட்டேன்.

ஒன்பதாம் நூற்றாண்டின் எந்தப் பகுதி என்பதும் முடிந்த முடிபன்று. கல்வெட்டில் உள்ளது 16ஆம் ஆட்சியாண்டு. அந்த வரகுணன் முதலாமவனா இரண்டாமவனா என்பதில் அறிஞர் ஒருமித்ததில்லை. முதலாமவன் என்று கொண்டால் நூற்றாண்டின் தொடக்கம், இரண்டாமவன் என்றால் அதன் பிற்பகுதி. ஆதிச்சநல்லூரில் ரே எடுத்த வெண்கலங்களுக்கோ இவ்வளவு நெருக்கமான எல்லைகூட இடுவதற்கில்லை.