மணியோசைக்கு அப்பால்

தோட்டங்களில் வாழ்ந்த நம் பெரியவர்கள் பிரட்டு மணியை மறந்திருக்க மாட்டார்கள். இருள் பிரியுமுன்பே அந்த மணி ஒலிக்கும். அதன் ஓசை கடைசி லயம் வரை போகும். ஆற்றுக்கு அப்பால் உள்ள டிவிஷனுக்குப் போகாது. அங்கே வேறொரு மணி வேண்டும்.

மாதா கோயில் மணிக்கும் இதே கதைதான். அது ஓர் ஊரை எழுப்பும். அடுத்த ஊரை எழுப்பாது. ஊருக்குள்ளேயே கூட, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் நோயாளி மணியைக் கேட்பார். எழுந்து போக முடியாது. ஞாயிற்றுக்கிழமையும் முறைவேலைக்குப் போக வேண்டியவரும் கேட்பார். அவராலும் போக முடியாது. மணி எட்டாதவருக்கும், எட்டியும் வர இயலாதவருக்கும் செய்தியை எப்படிக் கொண்டு சேர்ப்பது? கிறிஸ்துவத் திருச்சபைகள் பல நூற்றாண்டுகளாகத் தமக்குள் கேட்டுவந்த கேள்வி இது.

இன்று நாம் பேசப்போவது சமயக் கொள்கையைப் பற்றி அன்று. செய்தி அனுப்பிய வரலாற்றைப் பற்றி. நேயர்களில் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் இருப்பீர்கள். பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் போகிறவர்களும் இருப்பீர்கள். எல்லாரும் அறிந்துகொள்ளத்தக்க வரலாறு இது. இதில் நம் தமிழ் எழுத்துக்கும் பங்கு உண்டு; மலாக்காவுக்கும் பங்கு உண்டு.

அச்சு

முதலில் அச்சைப் பார்ப்போம். பதினாறாம் நூற்றாண்டில் தூத்துக்குடியை அடுத்த முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்னும் போர்த்துக்கீசியத் துறவி ஊழியம் செய்தார். தமிழர்கள் அவரை அண்டிரிக்கி அடிகளார் என்று அழைத்தனர். கடற்கரை நெடுகப் பல ஊர்கள்; துறவிகளோ மிகச் சிலர். ஓர் ஊரில் சொன்னதை மறு ஊரிலும் அப்படியே சொல்ல ஆள் இல்லை. ஆகவே அவர் அச்சிட்ட நூலை நாடினார். அதற்குப் பரதவ மக்கள் பொருளுதவி செய்தார்கள். 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகி வெளிவந்தது. 16 பக்கமே உள்ள சிறு நூல் அது. இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அதுவே. அந்த மொழி நம் தமிழ்.

அதன்பின் 1706-இல் சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அப்போது அது டென்மார்க் அரசின் ஆதரவில் இருந்த துறைமுகம். அவருக்காக இங்கிலாந்திலிருந்து ஓர் அச்சு இயந்திரம் கப்பலேறியது. அந்தக் கப்பலைத் தென் அமெரிக்கக் கரையோரம் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றினார்கள். கப்பலின் அடித்தட்டில் கிடந்த அச்சு இயந்திரம் எப்படியோ தப்பியது. அதை இயக்க உடன் வந்த அச்சுத் தொழிலாளியோ வழியிலேயே இறந்துபோனார். இயந்திரம் 1712-இல் வந்து சேர்ந்தபோது அதை ஓட்ட ஆள் இல்லை. கடைசியில் டேனியக் கோட்டைப் படையில் அத்தொழில் தெரிந்த ஒரு சிப்பாயைத் தேடிப் பிடித்து வேலையை ஆரம்பித்தார்கள்.

ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்தன. அவை அளவில் மிகப் பெரியவை; காகிதத்தை விழுங்கின. உடனே தரங்கம்பாடிக்கு அருகில் உள்ள பொறையாற்றிலேயே சிறிய எழுத்துகளை வார்க்கத் தொடங்கினார்கள். அதற்கு ஈயம் வேண்டுமே! இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டுத் தமிழ் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்தார்கள். சீகன்பால்கு 1719-இல் காலமானார். அப்போது அவருக்கு வயது 36.

நம் நாட்டுப் பக்கம் திரும்புவோம். 1815-இல் வில்லியம் மில்ன் என்னும் பாதிரியார் மலாக்காவுக்கு வந்து சீன மொழியில் ஒரு மாத இதழைத் தொடங்கினார். சீன மொழியில் வந்த முதல் நவீன இதழ் இதுவே என்பார்கள். அந்த மலாக்கா அச்சகத்தில் எழுத்துக் கோக்கக் கற்றுக்கொண்ட இளைஞர்தான் முன்ஷி அப்துல்லா. அரபு, தமிழ் வழிவந்த குடும்பத்துப் பிள்ளை அவர். பாதிரிமார்களுக்கு மலாய் சொல்லிக் கொடுத்தார். அவர்களிடம் அச்சுத் தொழிலைக் கற்றார். பாதிரிமார்களோடு பழகியதால் ஊரார் அவரை ‘அப்துல்லா பாதிரி’ என்று கேலி செய்தனர். அவரோ இறுதிவரை முஸ்லிமாகவே வாழ்ந்து, 1854-இல் மெக்கா யாத்திரையின்போது காலமானார். 1849-இல் சிங்கப்பூரில் ஒரு பாதிரியாரின் கல்லச்சில் வெளியான அவருடைய வாழ்க்கை வரலாறு, மலாய் இலக்கியத்தில் ஒரு புதிய பாதையைத் திறந்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ஒரு கருவியை ஒருவர் ஒரு நோக்கத்துக்காகக் கொண்டுவரலாம். அதன் பயன் அவரோடு நின்றுவிடுவதில்லை. கற்றுக்கொள்ள முன்வந்தவர் எவரோ, அவருக்கும் அது சொந்தமாகிறது.

ஆயினும் அச்சுக்கு ஒரு குறை இருந்தது. படிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் காகிதம். அதனால்தான் அச்சகம் வைத்தவர்கள் பள்ளிக்கூடமும் வைக்க வேண்டியிருந்தது. அதுவும் எட்டாத இடத்தில், எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்டார்கள்.

வானொலி

படிக்கத் தெரியாதவரையும் எட்டும் கருவி இருபதாம் நூற்றாண்டில் வந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கே.டி.கே.ஏ. என்னும் நிலையம் 1920 நவம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. இரண்டே மாதங்களில், 1921 ஜனவரி 2-ஆம் நாள், கால்வரி ஆலயத்தின் வழிபாட்டை அது ஒலிபரப்பியது. தலைமைக் குருவுக்கு இந்தப் புதுக் கருவியில் நம்பிக்கை இல்லை. ஆகவே பிரசங்கம் செய்யும் பொறுப்பைத் துணைக் குருவிடம் விட்டுவிட்டார். ஒலிபரப்பு வேலையைப் பார்த்த தொழில்நுட்பர் இருவருக்கும், சபையாரின் கவனம் கலையாதிருக்கப் பாடகர் குழுவின் அங்கியை உடுத்திவிட்டார்கள். அந்த இருவரில் ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் யூதர்.

இங்கிலாந்தில் தயக்கம் இன்னும் மிகுதி. 1923-இல் யார்க் கோமகனின் திருமணம் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நடந்தது. அதை வானொலியில் ஒலிபரப்ப ஆலயத்தார் இசையவில்லை. மதுக்கடையில் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்துகொண்டு புனிதச் சடங்கைக் கேட்பார்களே என்பது அவர்களுடைய கவலை! அதே ஆண்டில் பி.பி.சி.யின் தலைவர் ஜான் ரீத், கேன்டர்பரி பேராயரையும் அவர் மனைவியாரையும் தம் வீட்டுக்கு அழைத்து வானொலிப் பெட்டியை இயக்கிக் காட்டினார். ஒலி உள்ளே வருவதற்குச் சன்னலைத் திறந்து வைக்க வேண்டுமா என்று அந்த அம்மையார் கேட்டாராம். நாம் சிரிக்க வேண்டாம். கைத்தொலைபேசியில் பேரப்பிள்ளையின் முகத்தை முதன்முதலாகக் கண்ட நம் பாட்டிமார்களும் இப்படித்தானே வியந்தார்கள்!

தயக்கம் நெடுநாள் நிற்கவில்லை. 1924 ஜனவரி 6-ஆம் நாள் லண்டனில் செயின்ட் மார்ட்டின் ஆலயத்திலிருந்து டிக் ஷெப்பர்டு நடத்திய வழிபாடு வானொலியில் ஒலித்தது. பிறகு அதே ஆலயம் ஏழைகளுக்காகக் கிறிஸ்துமஸ் காலத்தில் வானொலிவழி நிதி கேட்கும் வழக்கத்தையும் ஏற்படுத்தியது. வானொலியில் குரல் போயிற்று. அஞ்சலில் பதில் வந்தது. 1931 பிப்ரவரி 12-ஆம் நாள் வத்திக்கான் வானொலி தொடங்கியது. அதை அமைத்துக் கொடுத்தவர் மார்க்கோனியே. போப்பாண்டவர் பதினோராம் பத்திநாதர் அன்று இலத்தீன் மொழியில் உலகுக்கு உரையாற்றினார்.

கடல் கடந்து குரல் போனது எப்படி? சிற்றலை ஒலிபரப்பு மேல்நோக்கிப் போய், வானத்தின் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கில் மோதித் திரும்பி, வெகு தொலைவில் தரையைத் தொடுகிறது. சுவரில் எறிந்த பந்து திரும்பி வருவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். இதைப் பயன்படுத்தி 1969-இல் மணிலாவில் ரேடியோ வெரித்தாஸ் ஆசியா என்னும் கத்தோலிக்க நிலையம் தொடங்கியது. அது ஒலிபரப்பிய ஆசிய மொழிகளுள் தமிழும் ஒன்று. எங்கோ ஒரு தீவில் பேசிய தமிழை, வேறொரு நாட்டின் சிற்றூரில் சிறு பெட்டி ஒன்றை வைத்திருந்தவர் கேட்டார். படிப்பு வேண்டியதில்லை, மின்கலம் இருந்தால் போதும்.

இணையம்

1995-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் வத்திக்கான் இணையத்தில் தன் பக்கத்தைத் திறந்தது. அதற்கான கணினிகளுக்கு ரபேல், மிக்கேல், கபிரியேல் என்று தேவதூதர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். செய்தி கொண்டு செல்வதுதானே தேவதூதர் வேலை! 2012 டிசம்பரில் போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட் டுவிட்டரில் தம் முதல் செய்தியை வெளியிட்டார்.

அப்போதும் இணையம் பலருக்குக் கூடுதல் வசதியாகவே இருந்தது. அதுவே ஒரே வாசலாகிய காலம் 2020-இல் வந்தது. கொரோனா நோய்ப் பரவலால் சிங்கப்பூர்க் கத்தோலிக்கத் திருச்சபை பிப்ரவரி 15 முதல் திருப்பலிகளை நிறுத்தியது. மலேசியாவில் மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாமே மூடப்பட்டன. மார்ச் 27-ஆம் நாள் மாலை, மழை பெய்துகொண்டிருக்க, ஆளில்லாத வத்திக்கான் சதுக்கத்தில் போப்பாண்டவர் பிரான்சிஸ் தனியே நின்று மன்றாடினார். அதை உலகெங்கும் மக்கள் திரையில் கண்டார்கள். ஏப்ரல் 12-ஆம் நாள் வந்த ஈஸ்டர் பண்டிகையைக் கோடிக்கணக்கானோர் வீட்டுத் திரையின் முன்தான் கொண்டாடினார்கள்.

ஆனால் நேயர்களே, இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். அச்சு வந்தபோது படிக்காதவர் பின்தங்கினார். வானொலி அவரைக் கைதூக்கிவிட்டது. இணையம் வந்தபோது யார் பின்தங்கினார்? நல்ல கைத்தொலைபேசி இல்லாதவர், அலைவரிசை எட்டாத தோட்டத்தில் இருந்தவர், எதை எங்கே தொடுவது என்று தெரியாத முதியவர். ரேடியோ வெரித்தாஸ் ஆசியா 2018 ஜூன் மாதத்தோடு சிற்றலை ஒலிபரப்பை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறியது. செலவும் காலமும் அதை வேண்டின. இளைஞர்களுக்கு அது எளிதாயிற்று. சிற்றலைப் பெட்டியை மட்டுமே வைத்திருந்த பெரியவருக்கோ, பழகிய குரல் ஒருநாள் நின்றுபோயிற்று.

இந்தக் குறையைச் சரிசெய்ய வழி இல்லையா? உண்டு. 2020 ஏப்ரல் மாத இறுதியில் இங்கிலாந்துத் திருச்சபை ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தது. கட்டணம் இல்லை, இணையம் வேண்டாம், சாதாரண வீட்டுத் தொலைபேசி போதும். அந்த எண்ணை அழைத்தால் இரவும் பகலும் பாடலும் மன்றாட்டும் கேட்கலாம். புதிய கருவியால் எட்ட முடியாதவரைப் பழைய கருவியால் எட்டினார்கள். இந்த நீண்ட வரலாற்றில் நாம் மனத்தில் வைக்கவேண்டிய பாடம் இதுவே எனலாம்.

இது தேவாலயத்துக்கு மட்டும் உரிய பாடம் அன்று. நம் கோயில் திருவிழா அறிவிப்பு, பள்ளிப் பெற்றோர் கூட்டம், சங்கக் கூட்டம், ஒரு வீட்டுத் துக்கச் செய்தி ஆகிய எல்லாம் இன்று கைத்தொலைபேசியில்தான் போகின்றன. அனுப்பிவிட்டோம், நம் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அனுப்புவது ஒன்று, போய்ச் சேர்வது வேறொன்று. பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட, கடைசி வீட்டில் தனியே இருக்கும் அம்மாவுக்கு அந்தச் செய்தி தெரியுமா? தெரியாவிட்டால், நாலடி நடந்து போய்ச் சொல்லிவர ஒருவர் வேண்டும். சொல்லிவிட்டு உடனே திரும்பாமல், அவர் சொல்வதையும் கேட்டுவர வேண்டும். வானொலிக்கு அஞ்சலில் பதில் வந்தது போல, அந்த அம்மாவிடமும் நமக்கு ஒரு பதில் இருக்கும்.

தம்பிரான் வணக்கம் அச்சான நாளிலிருந்து 2020 வரை 442 ஆண்டுகள். இடையில் கருவிகள் எத்தனையோ மாறின. எழுத்துக் கோத்தவரும் ஒலிபெருக்கி கட்டியவரும் திரைக்குப் பின்னால் உழைத்தவரும், தம் மணியோசைக்கு அப்பால் யார் இருக்கிறார் என்றுதான் தேடினார்கள். நம் வீட்டுக்கு அருகிலும் அப்படி ஒருவர் இருப்பார். இந்தப் பேச்சு முடிந்ததும் அவரை ஒருமுறை நினைத்துப் பார்ப்போம்.